மல்லேஸ்வரத்தில் சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

உங்கள் கேள்வி இதுதான். சென்னையிலிருந்து இரண்டு மாதம் முன்புதான் பெங்களூர் மல்லேஸ்வரத்துக்குக் குடிவந்திருக்கிறீர்கள். வீடு மாமனாருடையது, அவர் காலமான பிறகு உங்கள் மனைவிக்கு வருகிறது. போன வாரம் கேட்டில் ஒரு காகிதம் செருகியிருந்தது. குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. அஜெண்டாவில் ஆறு விஷயங்கள்: கணக்கு, கமிட்டித் தேர்தல், கன்சர்வன்சி லேன் (வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் துப்புரவுச் சந்து), குடியிருப்புத் தெருக்களில் கடைகள், மரங்கள், இ-காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டுக் கணக்கு, கணினி வடிவில்) முகாம். சேர்ந்தே ஆக வேண்டுமா, போனால் பயன் உண்டா, கன்னடம் தெரியாதவன் அங்கே என்ன பேசுவது என்று கேட்கிறீர்கள்.

போங்கள். இதே மல்லேஸ்வரத்தில், உங்கள் பகுதிக்குப் பக்கத்துச் சங்கத்தில் நான் நான்கு வருடம் பொருளாளராகவும் அப்புறம் ஐந்து வருடம் செயலாளராகவும் இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் அந்த ஒற்றைக் காகிதத்துக்குப் பின்னால் நிறைய இருக்கிறது.

முதலில் சட்டம். சேர்வது கட்டாயமில்லை. அபார்ட்மென்ட் சங்கம் வேறு, இது வேறு. ஃபிளாட் வாங்கினால் லிஃப்ட், தண்ணீர் தொட்டி, மாடி எல்லாம் பொது. பராமரிப்புப் பணம் கட்டாமல் தப்ப முடியாது. தனி வீடுகள் நிறைந்த பழைய பகுதிகளில் இருப்பவை பெரும்பாலும் 1960-ம் ஆண்டின் கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. விருப்பப்பட்டவர் சந்தா கட்டிச் சேரலாம். உங்கள் வீட்டுக்கு என்ன நிறம் அடிப்பது, சுவர் எவ்வளவு உயரம் என்றெல்லாம் உத்தரவு போடவோ அபராதம் விதிக்கவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. தெருவிளக்கு மாநகராட்சியிடம், தண்ணீர் குடிநீர் வாரியத்திடம், கரண்ட் பெஸ்காமிடம். சங்கத்திடம் இருப்பது கேட்கும் உரிமை ஒன்றுதான். மனு கொண்டுபோனால் அதிகாரி கேட்கும் முதல் கேள்வியே, "எத்தனை மெம்பர்?" என்பதுதான். முந்நூறு வீட்டில் நாற்பது பேர் என்று சொல்லும்போது நமக்கே குரல் இறங்கிவிடும். நீங்கள் சேர்வதில் இருக்கும் முதல் பயன் அது.

இப்போது ஊர் நிர்வாகமே புதிதாக மாறியிருக்கிறது. 2020 செப்டம்பரில் பழைய மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் பல வருடங்கள் தேர்தலே நடக்காமல், நமக்கென்று கவுன்சிலர் இல்லாமல் ஓட்டினோம். 2025 செப்டம்பரில் அந்த ஒற்றை மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்து, மேலே கிரேட்டர் பெங்களூர் ஆணையம் என்று ஒன்றை வைத்தார்கள். வார்டு எல்லைகளும் மாறின. எந்த அதிகாரி எந்தத் தெருவுக்கு என்பதே பலருக்குக் குழப்பம். கவுன்சிலர் இல்லாத வருடங்களில் குழாய் உடைந்தாலும் குப்பை வண்டி வராவிட்டாலும் யாரைப் பிடிப்பது என்று தெரிந்துவைத்திருந்தது இந்தச் சங்கங்கள்தான். கூட்டத்தில் முதல் வேலையாக, உங்கள் வீடு எந்த வார்டில் வருகிறது, யார் இன்ஜினியர் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியின் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அஜெண்டா புரிவதற்காக. பழைய நகரமான பேட்டைப் பக்கம் வீடுகள் நெருக்கியடித்துக் கிடந்த காலத்தில், 1898-ல் பிளேக் வந்தது. மக்களைக் காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்த வேண்டியிருந்தது. அப்படி வளர்ந்தவைதான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும். நேர்நேராக மெயின் ரோடுகள், குறுக்கே க்ராஸ்கள், பெரிய சைட்டுகள், வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் துப்புரவுக்கென்று ஒரு சந்து. எல்லாமே நோய்க்குப் பயந்து போட்ட கோடுகள். சம்பிகே ரோடு என்றால் செண்பகச் சாலை, மார்கோசா ரோடு என்றால் வேப்பமரச் சாலை. கோயில் இதற்கெல்லாம் ரொம்பப் பழையது. காடு மல்லேஸ்வரர் என்ற பெயரில் இருக்கும் காடு நம்முடைய காடேதான். அந்தக் கோயிலுக்குக் கிராமம் எழுதிவைத்த 1669-ம் ஆண்டுக் கல்வெட்டு ஏகோஜியுடையது. சிவாஜிக்கு மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரர், பின்னாளில் தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கியவர். நம் ஊர்க்காரர்கள் யாராவது வந்தால் நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

சரி, அஜெண்டாவுக்கு வருவோம்.

கணக்கும் தேர்தலும் பெரும்பாலும் அரை மணியில் முடிந்துவிடும். தணிக்கை செய்த வரவு செலவு அறிக்கையின் நகலைக் கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் கமிட்டிப் பட்டியலையும் கணக்கையும் சங்கப் பதிவாளரிடம் வருடாவருடம் தாக்கல் செய்ய வேண்டும். கடைசியாக எந்த வருடத்துக்குத் தாக்கல் ஆனது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சில வருடம் விட்டுப்போனால் அபராதம் கட்டித்தான் சரிசெய்ய வேண்டும். அதற்குள் யாராவது கோர்ட்டுக்குப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல், "இந்தச் சங்கம் உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்பார். எங்கள் சங்கத்தில் மூன்று வருடத் தாக்கல் விட்டுப்போயிருந்ததை நான் பொறுப்புக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். பீரோவில் ரசீதே இல்லை. அதைச் சரிசெய்ய ஒரு மழைக்காலம் முழுக்க அலைந்தேன்.

தேர்தலில் ஓட்டுப் போட உறுப்பினராக இருக்க வேண்டும், சந்தா பாக்கி இருக்கக் கூடாது. கூட்டத்தன்றே சேர்ந்தால் ஓட்டு உண்டா இல்லையா என்பதை சங்கத்தின் விதித்தொகுப்பான பைலாவில்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று. பத்து மணிக்குப் போனால் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள். கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, இல்லை என்று அரை மணி ஒத்திவைத்து, அதே இடத்தில் அதே பன்னிரண்டு பேரோடு இன்னும் ஐந்து பேர் சேர்ந்து கூட்டம் நடக்கும். பைலா அதற்கு இடம் கொடுக்கிறது. அதைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள். அந்தப் பதினேழு பேர்தான் இத்தனை வருடம் இந்தத் தெருக்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது விஷயம் கன்சர்வன்சி லேன். இதில்தான் நீங்கள் அவசியம் இருக்க வேண்டும்.

பாதாளச் சாக்கடை வருவதற்கு முன் வீட்டுக் கழிவை எடுத்துப் போக, வீடுகளின் முதுகுப் பக்கம் விட்ட சந்து அது. அந்த வேலையைச் செய்தவர்கள் முன்வாசல் பக்கம் வரக் கூடாது என்ற சாதிக் கொடுமையும் அந்தக் கோட்டுக்குள் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேச எனக்கு மனம் வராது. சாக்கடை வந்தபின் சந்துக்கு வேலை போனது. யாரும் நடக்காத இடம் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. ஒருவர் துணி காயப்போட்டார், இன்னொருவர் ஷெட் போட்டார், மூன்றாமவர் சுவரையே எடுத்துக் கட்டினார். மீதியில் குப்பை.

எங்கள் வரிசைக்குப் பின்னால் இருந்த லேனின் ஒரு முனையில், புதிதாக வந்த வணிகக் கட்டடம் ஒன்று இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டது. உள்ளே அவர்களுடைய ஜெனரேட்டர். மூன்று முறை புகார் கொடுத்தோம். மூன்றாம் முறை ஒரு அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "அங்கே லேன் இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்றார். நாற்பது வருடம் பார்த்த சந்து. ஆதாரம் என்று கையில் ஒரு தாளும் இல்லை. வெறுங்கையோடு திரும்பினோம்.

வழி காட்டியது ஒரு வயதான அம்மாள். கமிட்டியில் பேசிக்கொண்டிருந்தபோது, "எங்க வீட்டுப் பத்திரத்துல அந்தச் சந்து இருக்கே" என்றார். அன்று சாயந்திரமே அவர் வீட்டுக்குப் போனோம். கோத்ரெஜ் பீரோவின் அடித்தட்டில், துணிப்பையில் சுற்றிவைத்த பத்திரம். தாள் மஞ்சளாகி, மடித்த இடத்தில் கிழியத் தொடங்கியிருந்தது. கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம், நான்கு எல்லை. கிழக்கே சாலை, வடக்கே இன்னார் வீடு, தெற்கே இன்னார் வீடு, மேற்கே கன்சர்வன்சி லேன். தட்டச்சில் அச்சாக இருந்தது. அவர் விரலை அந்த வரியின் மேல் வைத்துக்கொண்டே இருந்தார், நாங்கள் படமெடுக்கும் வரை.

அதன்பின் அந்த வரிசையில் ஒன்பது வீட்டுப் பத்திரங்களின் அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகல் எடுத்தோம். ஒன்பதிலும் மேற்கே அதே லேன். கூடவே 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் பழைய லேஅவுட் வரைபடத்தைக் கேட்டு மனுப் போட்டோம். கர்நாடகத்தில் இந்த மனு 150 வார்த்தைக்குள், ஒரே விஷயத்தைப் பற்றி இருக்க வேண்டும். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். நாங்கள் முதலில் நான்கு கேள்வியைச் சேர்த்துக் கேட்டு, மனு திரும்பி வந்தது. இரண்டாம் முறை ஒன்றை மட்டும் கேட்டோம், வரைபடம் கிடைத்தது. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். முதல் புகாரிலிருந்து கேட் கழன்றது வரை பதினோரு மாதம் ஆனது. உள்ளிருந்து நான்கு டிராக்டர் இடிபாடு எடுத்தோம். அடைபட்டிருந்த மழைநீர்க் கால்வாய் திறந்தது, அடுத்த மழையில் எங்கள் க்ராஸில் தண்ணீர் நிற்கவில்லை. இன்று பிள்ளைகள் அதில் சைக்கிள் பழகுகிறார்கள்.

மல்லேஸ்வரத்தில் வேறு சில லேன்களையும் குடியிருப்பவர்கள் சுத்தம் செய்து, சுவரில் ஓவியம் வரைந்து, நடைபாதையாக மீட்டிருக்கிறார்கள். ஒரு மாலை நடந்து போய்ப் பாருங்கள். கூட்டத்தில் யாராவது எழுந்து, திருட்டுப் பயம் இருக்கிறது, இரண்டு முனையிலும் நாமே கேட் போட்டுப் பூட்டிவிடலாம் என்பார். எங்கள் கூட்டத்திலும் சொன்னார்கள். நான் எதிர்த்தேன், இன்றும் எதிர்ப்பேன். அது பொது இடம். கடைக்காரர் பூட்டினால் ஆக்கிரமிப்பு, நாம் பூட்டினால் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. விளக்குப் போடச் சொல்லுங்கள், ஆள் நடமாட்டம் வரட்டும். திருடனுக்கு அதைவிடப் பெரிய தடை இல்லை.

அடுத்தது கடைகள். 2007-ல் நடைமுறைக்கு வந்த மாஸ்டர் பிளான், அதாவது 2015-ஐ இலக்காக வைத்துப் போட்ட திட்டம், குடியிருப்புப் பகுதியில் எந்த அளவுக்கு வணிகம் வரலாம் என்பதைத் தெருவின் அகலத்தோடு கட்டிவைத்திருக்கிறது. அதனால் சண்டை எல்லாம் அகலத்தில்தான். பதிவேட்டில் ஒரு அளவு, நேரில் ஒரு அளவு, டிரேட் லைசென்ஸ் கொடுத்த அதிகாரி எழுதிய அளவு மூன்றாவது. உங்கள் தெருவில் புதிதாக ஒரு காபிக் கடையோ பிஜி ஹாஸ்டலோ வந்து ராத்திரி தூக்கம் போகிறது என்றால், சத்தம் என்று புகார் எழுதுவதைவிட தெருவின் அகலத்தை அளந்து, லைசென்ஸ் நகலைக் கேட்டு வாங்கி, இரண்டையும் சேர்த்து மனுவோடு கொடுங்கள். சங்கம் மூலம் கொடுத்தால் ஒரு தனி மனிதரை யாரும் குறிவைக்கவும் முடியாது.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். இந்தத் தலைப்பில் பேசும்போது பழக்கமாகவே எட்டாவது க்ராஸ் பூக்காரர்களையும் தள்ளுவண்டிக்காரர்களையும் சேர்த்து 'அகற்ற வேண்டும்' என்று தீர்மானம் எழுதுவார்கள். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014-ல் மத்தியச் சட்டம் வந்திருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை அவர்களை விரட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும். கொலு பொம்மைக்கும் வரலக்ஷ்மி விரதத்துக்குத் தாழம்பூவுக்கும் எங்கே போவீர்கள்? அங்கே பூ கட்டும் பெண்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுபவர்கள். "முழம் எவ்வளவு?" என்று நான் கன்னடத்தில் கேட்டால், தமிழில் விலை சொல்வார்கள். மல்லேஸ்வரத்தை மல்லேஸ்வரமாக வைத்திருப்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அனுமதியில்லாத நாலு மாடிக் கட்டடத்தையும் ஒரு கூடைப் பூவையும் ஒரே தீர்மானத்தில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மரங்கள். 1976-ம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் தெரு மரத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் காம்பவுண்டுக்குள் இருக்கும் பெரும்பாலான மரங்களை வெட்டவும் மர அதிகாரியின் அனுமதி வேண்டும். மாமனார் வீட்டில் பழைய மரம் ஏதாவது இருந்தால் இதை மனதில் வையுங்கள். சங்கம் செய்ய வேண்டிய வேலை, மழைக்கு முன்பே காய்ந்த கிளைகளைப் பட்டியல் போட்டுக் கொடுப்பது. ஏப்ரல், மே மாதக் கோடை மழையில்தான் இங்கே மரங்கள் விழும். நடைபாதை போடுகிறவர்கள் அடிமரம் வரை கான்கிரீட் ஊற்றிவிடுகிறார்கள். வேர் மூச்சுவிட, சுற்றி ஒரு மீட்டராவது மண் வேண்டும். எங்கள் தெருமுனைச் செண்பகத்தைச் சுற்றி இருந்த சிமென்டை நாங்களே ஆள் வைத்து உடைத்தோம். அடியில் மண் எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. இரண்டு வருடம் கழித்து அந்த மரம் பூத்த அன்று, தெருவில் நடந்துபோன ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொன்னேன்.

பெரிய விஷயங்களும் திடீரென்று வரும். சாங்கி ஏரி 1882-ல் வெட்டப்பட்டது. அதை ஒட்டிய சாலையை அகலப்படுத்தும் பேச்சு 2011-லும் வந்தது, 2023 வாக்கிலும் வந்தது. இரண்டு முறையும் மரங்களுக்காக மக்கள் தெருவில் நின்றார்கள், பள்ளிப் பிள்ளைகள் முதல் தடி ஊன்றிய பெரியவர்கள் வரை. அந்த நேரத்தில் ஒரே நாளில் நூறு பேரைக் கூட்ட முடிந்ததற்குக் காரணம், சங்கங்களிடம் போன் நம்பர் பட்டியல் இருந்தது. உங்கள் நம்பரும் அதில் இருக்கட்டும்.

இ-காத்தா முகாம் உங்களுக்கு நேராகவே உதவும். 2024 அக்டோபர் முதல் சொத்தைப் பதிவு செய்ய இ-காத்தா கட்டாயம். வீடு இன்னும் மாமனார் பெயரில் இருப்பதால் முதலில் வாரிசு முறையில் பெயர் மாற்றம் ஆக வேண்டும். பழைய காத்தா, சொத்துவரி ரசீது, கரண்ட் பில், வாரிசுச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். சொத்துவரியை ஏப்ரலில் முழுதாகக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. இன்னொன்றும் விசாரியுங்கள்: வீட்டில் மழைநீர் சேகரிப்பு இருக்கிறதா? குடிநீர் வாரியச் சட்டத்தின் 2009 திருத்தத்தின்படி 2,400 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் பழைய வீட்டுக்கும் அது கட்டாயம். இல்லாவிட்டால் தண்ணீர் பில்லோடு அபராதமும் வரும். மல்லேஸ்வரத்துப் பழைய சைட்டுகள் அநேகமாக அந்த அளவைத் தாண்டும். பின்கட்டில் மூடிவைத்த கிணறு இருந்தால் தூர் வாரி, மழைத் தண்ணீரை வடிகட்டி அதிலேயே விடலாம்.

அஜெண்டாவில் இல்லாத ஒன்றை, 'இதர விஷயங்கள்' வரும்போது நீங்களே எழுப்பலாம். மாமனார் வீட்டில் சிவப்பு ஆக்ஸைடு தரையும், ஜன்னலுக்கு மேலே கூம்பாக மரச்சட்டம் வைத்த மங்கி டாப்பும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மும்பையில் 1995-லேயே பாரம்பரியக் கட்டடங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தார்கள். பெங்களூரில் தனியார் வீடு இடிபடுவதைத் தடுக்கும் அளவுக்குச் சட்டத்தின் பிடி இல்லை. போகும் வீடு போகத்தான் செய்கிறது; யாரையும் விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பழைய வீட்டையும் உள்ளும் புறமும் படமெடுத்து, கட்டிய வருடம், கட்டியவர் பெயர் தெரிந்தால் அதுவும் எழுதி, சங்கத்தில் ஒரு கோப்பு வைக்கலாம் என்று சொல்லுங்கள். முதல் வீடாக உங்களுடையதையே கொடுங்கள்.

கன்னடம் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். கூட்டத்தில் கன்னடம், ஆங்கிலம் இரண்டும் ஓடும், பக்கத்து நாற்காலியில் தமிழும் ஓடும். மண்டயம், ஹெப்பார் ஐயங்கார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கின்றன. அவர்கள் வீட்டுத் தமிழ் உங்கள் காதுக்கு முதலில் புதிதாக இருக்கும், அரை மணியில் பழகிவிடும். இருந்தாலும் எழுந்து நிற்கும்போது "நந்து ஒந்து ப்ரஷ்னே இதெ" என்று தொடங்குங்கள், எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது என்று அர்த்தம். மீதியை ஆங்கிலத்தில் சொன்னாலும் முகம் மலர்ந்து கேட்பார்கள். அலுவலகத்துக்குப் போகும் மனு மட்டும் கன்னடத்திலேயே இருக்கட்டும். அந்தக் கோப்பு சீக்கிரம் நகரும், கேட்கிற முறையும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அதற்கு முன், இன்று ராத்திரியே மாமனாரின் வீட்டுப் பத்திரத்தை எடுத்து, நான்கு எல்லை எழுதியிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். பின்பக்க எல்லையாகக் கன்சர்வன்சி லேன் என்று இருந்தால் இரண்டு நகல் எடுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்றை மூன்றாவது விஷயம் வரும்போது செயலாளரிடம் கொடுக்க.